ஒயின் தயாரிப்பவர் சமையல் வகுப்புக்கு வரும் நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒயின் தயாரிக்கும் ஒருவர் தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, பாட்டில்களைச் சுமந்துகொண்டு சமையற்கலை மாணவர்களைப் பார்க்க வருகிறார். திராட்சை பறிப்பதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை தன் கையால் செய்தவர். அவர் இரண்டு மணி நேரம் நம்மோடு இருப்பது சாதாரண வாய்ப்பு இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போகிறது? திரையில் படம் காட்டிப் பேசுகிறார். ஆறு ஒயின் ஊற்றுகிறார்கள். எல்லோரும் தலையாட்டிக் கைதட்டிக் கலைந்துவிடுகிறார்கள். மறுநாள் அடுப்படியில் ஒரு மாணவர்கூட வேறு மாதிரி சமைப்பதில்லை. இப்படி வீணாய்ப் போன வகுப்புகள் சிலவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றிரண்டை நானே ஏற்பாடும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேசையில் சாப்பிட ஒன்றும் இல்லாமல் நடத்துவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒயின் வாங்கி விற்பவர்களின் கூட்டத்தில் ஒயினைத் தனியாகச் சுவைப்பது சரி. சமைக்கிறவருக்கு அது பாதிப் பாடம்தான். தான் போடும் உப்பும் புளிப்பும் காரமும் அந்த ஒயினை என்ன செய்துவிடும் என்பதை அவர் தன் நாக்கால் அறிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு விருந்து சமைக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு போதும். அதில் எலுமிச்சைத் துண்டு ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வதக்கிய காளான் ஒரு துண்டு, மிளகாய்த் தூள் தடவிய ரொட்டித் துண்டு ஒன்று. முதலில் புளிப்பு தூக்கலான வெள்ளை ஒயினை ஒரு வாய். பிறகு எலுமிச்சையை நக்கிவிட்டு அதே ஒயினை மறுபடி ஒரு வாய். சற்று முன் பல்லைக் கூச வைத்த ஒயின் இப்போது சாதுவாக, லேசாக இனிப்பதுபோல்கூட இருக்கும். அப்புறம் சர்க்கரை. இப்போது அதே ஒயின் புளித்துக் கசக்கும். சிவப்பு ஒயினுக்குப் போகலாம். உப்பைத் தொட்டுக்கொண்டு குடித்தால் துவர்ப்பு அடங்கும், காளானைத் தின்றுவிட்டுக் குடித்தால் துவர்ப்பும் கசப்பும் தலைதூக்கும். மிளகாய்க்குப் பிறகு ஒயினில் உள்ள ஆல்கஹால் தொண்டையில் எரியும்.

இந்த நேரத்தில் மாணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரப் பேச்சில் அசையாத கண்கள் எலுமிச்சைக்குப் பிறகு வந்த அந்த ஒரு வாயில் அகல விரியும். கிண்ணத்தில் இருப்பது மாறவில்லை, மாறியது தன் வாய் என்பது அவர்களுக்கு அப்போது புரிகிறது. இனிப்பான உணவோடு புளிப்பான ஒயின் ஏன் சேராது, கொழுப்பும் உப்பும் நிறைந்த இறைச்சியோடு துவர்க்கும் சிவப்பு ஒயின் ஏன் சேரும் என்று மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

தமிழில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாகவே எண்ணிப் பழகியவர்கள் நாம். சிவப்பு ஒயினில் ‘டானின்’ என்று விருந்தினராக வந்த தயாரிப்பாளர் சொல்வது ஈறுகளையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பைத்தான். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. பால் சேர்க்காத தேநீரை 1 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் ஊறவைத்து மூன்று கிண்ணங்களில் கொடுத்துப் பாருங்கள். ஒயினைத் தொடாத மாணவருக்கும் துவர்ப்பின் அளவுகள் பிடிபட்டுவிடும்.

குடிக்காதவர்களை மறந்துவிடுவது

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் மத நம்பிக்கையால் ஒயினைத் தொடாதவர் இருப்பார். கர்ப்பிணி இருக்கலாம், மருந்து சாப்பிடுகிறவர் இருக்கலாம். குடியிலிருந்து மீண்டு வந்து, அதை யாரிடமும் சொல்லாதவரும் இருக்கலாம். ‘ஒரு சொட்டு குடித்தால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அன்போடு சொன்னாலும் கூடாது. காரணம் கேட்பதும் கூடாது. முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், முகராமலும் இருக்கலாம், மதிப்பெண் போகாது என்று முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிடுங்கள். அன்று தனியாக எழுந்து நின்று சொல்ல வேண்டிய நிலை ஒருவருக்கும் வரக் கூடாது. நாம் ‘சுவை’ என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பதால், முகர்ந்து மட்டும் பார்க்கிறவரும் நிறையவே கற்றுக்கொள்வார்.

வயது விஷயத்திலும் அசட்டை கூடாது. குடிக்க அனுமதிக்கும் வயது இடத்துக்கு இடம் மாறும். மாணவர்களுக்குச் சட்டம் விலக்கு தந்தாலும், அது எந்தப் படிப்புக்கு என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த வயது 21. 18 வயதான மாணவர்கள் சுவைத்துவிட்டுத் துப்பலாம் என்று கலிபோர்னியா 2014-ல் சட்டம் செய்தது. ஆனால் அப்போது அது ஒயின், பீர் தயாரிப்பைப் பாடமாக எடுத்தவர்களுக்காக எழுதப்பட்டது. இப்படிப்பட்ட விலக்கு சமையல் வகுப்புக்கும் சேர்த்துத்தான் என்று சட்டத்தைப் படிக்காமல் நாமாக எண்ணிக்கொள்ள முடியாது.

துப்பக் கூச்சப்படுவது

விருந்தினர் முன்னால் துப்புவது மரியாதைக் குறைவு என்று நமக்குள் ஊறிக் கிடக்கிறது. இந்த மேசையில் துப்புவதுதான் தொழில் முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயின் 50 மில்லியில் சுமார் 5 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆறு ஒயினை விழுங்கினால் 30 கிராம். அதற்குப் பிறகு அந்த மாணவர் கத்தியைப் பிடிக்கப் போகிறார், கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கப் போகிறார். அதனால் துப்புவதற்கு ஆளுக்கொரு காகிதக் கோப்பையும், கொட்டுவதற்கு மேசைக்கொரு வாளியும் இருக்கட்டும். முதலில் வெறும் தண்ணீரை வைத்துத் துப்பிப் பழகச் சொல்லுங்கள், கூச்சம் இரண்டு நிமிடத்தில் போய்விடும். விருந்தினரும் ஆசிரியரும் எல்லோரும் பார்க்க முதலில் துப்பிக் காட்டிவிட்டால் அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படாது.

கிண்ணமும் அறையும்

ஒருமுறை பத்துப் பேர் சேர்ந்து ஒரு நல்ல வெள்ளை ஒயினில் ‘ஏதோ பழைய வாடை’ வருகிறது என்றார்கள். தயாரித்தவரின் முகம் வாடிப்போனது. பாட்டிலை நேராக முகர்ந்தால் ஒன்றும் இல்லை. காலிக் கிண்ணத்தை முகர்ந்தால் ஈரத் துணி வாடை. அடுக்களையில் கை துடைத்த துணியாலேயே கிண்ணங்களைத் துடைத்து, வாயைக் கீழே கவிழ்த்து இரவு முழுக்க அலமாரியில் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து, ஊற்றுவதற்கு முன் காலிக் கிண்ணத்தை முகர்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாடை இருந்தால் வெந்நீரில் அலசுங்கள், அல்லது கொஞ்சம் ஒயின் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

வெங்காயம் வதங்கும் அடுக்களைக்குப் பக்கத்து அறை வேண்டாம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருவது, வருவதற்கு முன் காபி குடிப்பது, பல் துலக்குவது, புதினா மிட்டாய் மெல்லுவது எல்லாம் நாக்கையும் மூக்கையும் கெடுக்கும். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், விருந்தினருக்கும் சேர்த்து. வயிறு நிறைந்த மதிய வேளையைவிட முற்பகல் நல்லது.

அப்புறம் வெப்பநிலை. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாற வேண்டும் என்ற பழைய வாக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, 28 டிகிரி அறையில் காலையிலிருந்து வைத்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வந்து நிற்கும். சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12, நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 10 என்று வைத்துக்கொண்டால் போதும். வெள்ளை ஒயினை ஐஸ் மாதிரி குளிர வைத்தாலும் வாசனை எழும்பாது.

அளவிலும் ஒரு கணக்கு உண்டு. 750 மில்லி பாட்டிலில் 50 மில்லி வீதம் 15 பேருக்கு வரும். 24 மாணவர்கள் என்றால் ஒவ்வொரு ஒயினிலும் இரண்டு பாட்டில், கைகாவலாக மூன்றாவது ஒன்று. ஏனென்றால் கார்க் அடைப்பானிலிருந்து டிசிஏ என்ற சேர்மம் இறங்கி ஒயினைக் கெடுத்துவிடுவது உண்டு. ஈர அட்டைப்பெட்டி வாடை வரும், பழ வாசனை அமுங்கிப்போகும். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டிலையும் விருந்தினரே திறந்து முகர்ந்த பிறகு ஊற்றட்டும். கெட்ட பாட்டில் கிடைத்தால் மறைக்க வேண்டாம். நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகரக் கொடுங்கள், நாளைக்கு ஓட்டலில் வாடிக்கையாளர் ஒரு பாட்டிலைத் திருப்பி அனுப்பும்போது அந்த மாணவருக்குக் காரணம் புரியும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுவது

விருந்தினர்கள் செய்யும் தவறு இது, பாசத்தில் செய்வது. ‘இதில் கறுப்புச் செர்ரியும் வனிலாவும் இருக்கும் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார்கள். அதற்குப் பிறகு அறையில் எல்லோருக்கும் செர்ரிதான் மணக்கும். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம், வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குப் பயன்படுத்தும் சொற்களாலேயே அவர்கள் அதை விவரித்தார்கள். ஒயினையே படிக்கிறவர்களுக்குக் கண் இப்படி விளையாட்டுக் காட்டுகிறது என்றால், மேடையிலிருந்து வரும் ஒரு சொல் சமையல் மாணவர்களை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும்! ஆகவே முதல் மூன்று நிமிடம் ஒருவரும் பேச வேண்டாம். எல்லோரும் எழுதட்டும். அப்புறம் மாணவர்கள் சொல்லட்டும், கடைசியில் தயாரித்தவர் சொல்லட்டும்.

சொல் கிடைக்காமல் திணறுகிறவர்களுக்கு, டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் 1984-ல் உருவாக்கிய வாசனைச் சக்கரம் உதவும். பழம், பூ, மசாலா, மரம் என்று பொதுவிலிருந்து நுணுக்கத்துக்கு அது கைபிடித்து அழைத்துப் போகும். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பிரித்துக் காட்டும் நாக்கு வரைபடத்தை மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். ஹேனிக் என்ற ஜெர்மானியர் 1901-ல் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகளைப் பிற்காலத்தில் பெரிதாக்கிக்கொண்டதால் வந்த பிழை அது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாச் சுவை மொட்டுப் பகுதிகளிலும் தெரியும்.

இன்னொன்று, விற்பனைப் பேச்சு. பதக்கங்கள், விலைப் பட்டியல், எந்தெந்தக் கடைகளில் கிடைக்கும் என்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும். அழைக்கும்போதே ‘மழை கெடுத்த வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்’ என்று ஒரு கேள்வியை அனுப்பி வையுங்கள். திராட்சை சரியாகப் பழுக்காதபோது அவர் எடுத்த முடிவுகள், கையில் கிடைத்த காய்கறியை வைத்துச் சமாளிக்கும் சமையல்காரரின் முடிவுகளுக்கு மிக நெருக்கமானவை. மாணவர்களும் ‘உலகத்திலேயே சிறந்த ஒயின் எது?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இதை உங்கள் வீட்டில் எந்தச் சாப்பாட்டோடு குடிப்பீர்கள்?’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

அடுப்பைப் பற்ற வைக்காமல் அனுப்பிவிடுவது

சமையலில் ஊற்றிய ஒயினில் ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும் என்று அடுக்களையில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்த பிறகும் 40 சதவீதம் தங்குகிறது. ஒரு மணி நேரம் கழித்தும் 25 சதவீதம். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகுகூட 5 சதவீதம். மதுவை ஊற்றித் தீ மூட்டிக் காட்டும் உணவில் சுமார் 75 சதவீதம் அப்படியே இருக்கிறது. குடிக்காத விருந்தாளிக்குச் சமைப்பவர் தெரிந்தே ஆக வேண்டிய கணக்கு இது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசி அரை மணி நேரம்தான். அன்று சுவைத்த சிவப்பு ஒயின்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மென்மையானது, இன்னொன்று புது ஓக் மரப் பீப்பாயில் கிடந்து நன்றாகத் துவர்ப்பது. ஒவ்வொன்றிலும் 500 மில்லியை இரண்டு சட்டிகளில் ஊற்றி 100 மில்லியாகச் சுண்டும் வரை வையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு பட்டால் உலோகச் சுவை இறங்கும். பழ வாசனை ஆவியோடு போய்விடும். புளிப்பும் துவர்ப்பும் எங்கும் போகாமல் சட்டியிலேயே கெட்டியாகும். கிண்ணத்தில் கம்பீரமாக இருந்த ஓக் ஒயின் கரண்டியில் கசக்கும், பக்கத்தில் சாதாரணமாகத் தெரிந்த மென்மையான ஒயின் ஒரு துண்டு வெண்ணெயோடு பளபளப்பான சாறாக வந்து நிற்கும்.

அந்த இரண்டு கரண்டிகளையும் மாணவர்களே விருந்தினரிடம் நீட்டட்டும். தன் ஒயினைச் சுண்டக் காய்ச்சி ஒருமுறைகூடச் சுவைத்திராத தயாரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் கரண்டியை இன்னொரு தடவை நக்கிவிட்டு, ‘எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?’ என்று மாணவரிடம் கேட்டபடி அடுப்புக்குப் பக்கத்தில் நெருங்கி வந்து நிற்பார்.