ஆரஞ்சு எண்ணெய் வெச்சு டென்ஷன் குறைக்கிறது எப்படி? பாண்டி வெயிலுக்கு ஏத்த செய்முறை

மாசக் கடைசி கணக்கு முடிக்கிற வாரத்துல படுத்தா கூட எனக்கு மண்டைக்குள்ள எக்செல் ஷீட் ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்கு இப்போ ஆரஞ்சு எசென்ஷியல் ஆயில், அதாவது பழத்தோல்ல இருந்து எடுக்கிற வாசனை எண்ணெய், நல்லாவே கைகொடுக்குது. மருந்துன்னு சொல்ல வரல. மூக்கு நரம்பு மூளையில உணர்ச்சிகளைப் பாத்துக்கிற பகுதியோட ரொம்ப நெருக்கமா சேந்திருக்கு, அதான் வாசனை பட்டதும் மனசு சட்டுன்னு மாறுது. 2000-ல வெளியான ஒரு வியன்னா ஆய்வுல பல் டாக்டர் கிளினிக்ல ஆரஞ்சு வாசனை பரப்பிப் பாத்தாங்க, காத்திருந்த பெண்களுக்குப் பதற்றம் குறைஞ்சிருந்துச்சு.

1. வாங்குறது

ஸ்வீட் ஆரஞ்சு ஆயில்னு கேளுங்க, லேபிள்ல சிட்ரஸ் சைனென்சிஸ்னு இருக்கணும். ஃப்ராக்ரன்ஸ் ஆயில் வேணவே வேணாம், அது வெறும் சென்ட். பிரவுன் கண்ணாடி பாட்டில், 10 மி.லி. போதும். வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, காஞ்சதும் லேசா மஞ்சள் நிறம் தங்கினா பரவால்ல, பஜ்ஜி வெச்ச பேப்பர் மாதிரி எண்ணெய்க் கறை நின்னா வேற எண்ணெய் கலந்திருக்காங்க.

2. பத்திரப்படுத்துறது (இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க)

எல்லாரும் எந்த பிராண்டுன்னுதான் கேக்குறீங்க, எங்க வெக்கணும்னு யாரும் கேக்கல. ஆரஞ்சு எண்ணெய்ல 90 சதவீதத்துக்கு மேல லிமோனீன்ங்கிற வாசனைப் பொருள்தான், அது காத்து, சூடு, வெளிச்சம் பட்டா ஆக்ஸிஜனோட சேந்து கெட்டுப் போயிடும், தோல் அரிப்பு, அலர்ஜி வர்றதுக்கு முக்கியக் காரணம் இப்படிக் கெட்டுப்போன எண்ணெய்தான். நம்ம ஊர் மே மாசத்துல மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம் எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும், அங்க ஷெல்ஃப்ல வெச்சா எவ்வளவு விலை குடுத்து வாங்கியும் வேஸ்ட். வாங்கின அன்னைக்கே ஃப்ரிட்ஜ்ல வைங்க, திறந்த தேதியை எழுதி ஒட்டுங்க, பாதி தீந்ததும் சின்ன பாட்டிலுக்கு மாத்துங்க, ஏன்னா காலி இடம் முழுக்க காத்துதான். ஒரு வருஷம் தாண்டிட்டா, இல்ல டர்பென்டைன் (பெயின்ட்ல கலக்குற திரவம்) நெடி அடிச்சா, உடம்புல தடவவே கூடாது.

3. மோந்து பாக்குறது

டிஃப்யூசர், அதாவது தண்ணியில எண்ணெய் விட்டு வாசனையைப் பரப்புற கரன்ட் மெஷின், எனக்குப் பிடிக்காது. கடலோரக் காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய, அதுல இன்னும் புகை மாதிரி தண்ணி விட்டா புழுக்கம்தான் கூடும், கரன்ட் போனா அதுவும் நின்னுடும். பெயின்ட் அடிக்காத சுடுமண் துண்டு ஒண்ணு போதும், வில்லியனூர் சுடுமண் சாமானுக்கு புவிசார் குறியீடே இருக்கு, அங்க குட்டி விளக்கு ஒண்ணு வாங்கி மூணு சொட்டு விட்டு மேஜை மேல வைங்க, மண்ணு உறிஞ்சி மெதுவா வாசனை விடும். விளக்கை மட்டும் ஏத்திடாதீங்க, இந்த எண்ணெய் சட்டுன்னு தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சு, மூச்சை மெதுவா இழுத்து அதைவிட மெதுவா விடுங்க, அரை மணி நேரம் போதும்.

4. ரோல்-ஆன் (வாயில உருளுற குண்டு வெச்ச, தோல்ல தடவுற குட்டி பாட்டில்)

10 மி.லி. தேங்காய் எண்ணெய்ல ரெண்டு சொட்டு, அவ்வளவுதான், ஒரு சதவீதம் வந்துடும். நல்லெண்ணெய் வேணாம், அதோட வாசனை ஆரஞ்சை அமுக்கிடும். தண்ணில கலக்காதீங்க, கரையாம மேல மிதந்து தோல்ல நேரா ஒட்டும். முதல்ல முழங்கை மடிப்புல தடவி ஒரு நாள் பாருங்க, அப்புறம் மணிக்கட்டுல.

அப்டேட் 1: எலுமிச்சை, பெர்கமாட் (அதுவும் ஒரு எலுமிச்சை வகைப் பழம்) எண்ணெய் போடலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. மோந்து பாக்கத் தாராளமா. ஆனா பழத்தோலை அழுத்திப் பிழிஞ்சு எடுத்த இந்த ரெண்டையும் தடவிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கருத்துடும், 12 மணி நேரம் வெயில் படக்கூடாது. பீச் ரோடுல நடக்கிறவங்க ஸ்வீட் ஆரஞ்சோட நிறுத்திக்கோங்க, அதுல அந்தப் பிரச்சனை இல்ல.

அப்டேட் 2: பூனை இருக்கிற வீடா? அது இருக்கிற ரூம்ல வேணாம், பூனைக்கு லிமோனீன் ஒத்துக்காது. ஆஸ்துமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு செய்ங்க.

அப்டேட் 3: காசு செலவில்லாம முடியுமான்னு மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க. முடியும்கா, கமலா ஆரஞ்சுத் தோலை மடிச்சு மூக்குக்கிட்ட அமுக்குங்க, கண்ணுல படாம, பீச்சி அடிக்குதே அதுவும் இதே மாதிரி எண்ணெய்தான். வாரக் கணக்கா தூக்கமே வரலன்னு எழுதியிருந்தீங்க, அதுக்கு இந்த வாசனை பத்தாது, 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம்.