கம்புக்கும் நேப்பியருக்கும் கல்யாணம்: ஒட்டுப்புல் உருவாக்குவது எப்படி?

மாடு வளர்ப்பவர்களில் பலர் கோ 4 என்ற கம்பு-நேப்பியர் ஒட்டுத் தீவனப்புல்லின் கரணை (தண்டுத் துண்டு) வாங்கி நட்டிருப்பீர்கள். 2008-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்தப் புல்லுக்குத் தாய் கோ 8 தீவனக் கம்பு, தகப்பன் எஃப்டி 461 என்ற நேப்பியர் (யானைப்புல்) ரகம். இதே மாதிரி ஒரு ஒட்டை நாமும் செய்து பார்க்கலாம். ஒரு சென்ட் இடமும் காலையில் எழும் பழக்கமும் இருந்தால் போதும்.

முதல் வேலை, இரண்டையும் ஒரே சமயத்தில் பூக்க வைப்பது. பகல் குறுகினால்தான் நேப்பியர் பூக்கும். நம் பக்கம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. கம்பு, விதைத்து ஐம்பது நாளை ஒட்டிக் கதிர் தள்ளிவிடும். அதனால் செப்டம்பர் கடைசியில் தொடங்கி, பத்து நாளுக்கு ஒரு பாத்தி வீதம் நான்கு பாத்தி கம்பு விதையுங்கள். ஏதாவது ஒன்று சிக்கும்.

அடுத்தது உறை மாட்டுவது. கம்பில் மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பான சூல்முடி முதலில் நீட்டும், ஆண் உறுப்பான மகரந்தப்பை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். ஆண் உறுப்பை ஊசியால் கிள்ளி எடுக்கும் தொல்லை இல்லாமல் போவது இந்தக் குணத்தால்தான். கதிர் வெளியே தலைகாட்டியதுமே பட்டர் பேப்பர் உறையை மாட்டி அடியில் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் பக்கத்துக் கம்பின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்துவிடும்.

உறைக்குள் வெள்ளை நூல்போலச் சூல்முடிகள் தெரிந்ததும், காலையில் நேப்பியர் கதிரை ஒரு காகிதப் பைக்குள் விட்டு உதறுங்கள். விழுந்த மஞ்சள் தூளைக் கம்புக் கதிர்மேல் தூவி, உடனே உறையை மூடிவிட வேண்டும். கம்பின் சொந்த மகரந்தப்பை எட்டிப் பார்க்கும்வரை தினமும் தூவலாம். உறைமேல் தேதி எழுத மறக்காதீர்கள்; நான்கு கதிர் தாண்டினால் எது எதுவென்று ஞாபகம் இருக்காது.

விதை முற்றியதும் எடுத்து நாற்று விடுங்கள். கஷ்டமான பகுதி இனிமேல்தான். சில நாற்றுகள் வெறும் கம்பாகவே இருக்கும். அவை கதிர் முற்றியதும் காய்ந்துபோகும். அறுக்க அறுக்கத் தூரிலிருந்து துளிர்த்துக்கொண்டே இருப்பதுதான் ஒட்டு. அதிலும் எல்லாம் தேறாது. இலை அகலமும் மென்மையும், தண்டில் இனிப்பும், தூர் எண்ணிக்கையும் பார்த்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். நூறில் ஒன்று மிஞ்சினால்கூட நல்ல யோகம் என்பேன்.

சரி, மிஞ்சிய அந்த ஒன்றை எப்படிப் பெருக்குவது? அது விதை கட்டாது. கம்பில் 14 குரோமோசோம், நேப்பியரில் 28. இரண்டிலும் பாதி சேர்ந்தால் 21. சரியாக ஜோடி சேராத எண்ணிக்கை. ஆகவே இரண்டு கணு உள்ள கரணைகளாக வெட்டி, 60 × 50 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். கரணை தாயின் நகல் என்பதால் தேர்ந்தெடுத்த குணம் மாறாது. பக்கத்திலேயே ஒரு வரிசை கோ 4 நட்டு, முதல் அறுப்பை 75 நாளுக்கு மேல், அடுத்தவற்றை 45 நாளுக்கு ஒன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டையும் எடை போட்டு எழுதி வையுங்கள்.

இதில் மாட்டை நேரடியாக மேய விடாதீர்கள். மிதிபட்டால் தூர் கெட்டுவிடும். மேய்ச்சலுக்குக் கொழுக்கட்டைப்புல்தான் சரி. இதை அறுத்து நறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனம் கலந்து போடுங்கள். கலப்பதற்கு முன், கோ 4-ஐயும் உங்கள் புல்லையும் தனித்தனிக் கூடையில் வைத்து, மாடு எதில் முதலில் வாய் வைக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.