ஓட்டத்தில் வந்த கால்வலி தணிந்தது இப்படித்தான்

மெரினா நடைபாதையில் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பு நெடுக வலி எடுத்தது. மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் பிடிக்கும். புதிதாக ஓடுபவர்கள் பலருக்கு இந்த வலி வருவது அதனால்தான்.

வலி அடங்கும்வரை நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. களைப்புத் தெரிவதற்கு முன்பே நடைக்கு மாறிவிட வேண்டும். இதில் கண்டிப்பாக இருந்தேன். ஓடிய மறுநாள் எலும்புக்கு ஓய்வு. கூடவே, எட்டு வைப்பதைக் குறுக்கி, பாதம் உடலுக்கு நேர்கீழே விழும்படி சிறு அடிகளாக ஓடினேன். எனக்கு மிகுந்த பலன் தந்தது இதுதான். புதுக் காலணி வாங்குவதற்கு முன் இதை முயன்று பாருங்கள். இன்று கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை நிற்காமல் ஓட முடிகிறது.

வேகத்துக்குப் பேச்சே அளவுகோல்: முழு வாக்கியம் பேச வராவிட்டால் மெதுவாக்கிவிடுவேன். சென்னை விடியற்காலையில் ஈரப்பதம் அதிகம். வியர்வை எளிதில் உலராமல் உடல் சூடேறும்.

என் வலி பரவலாக இருந்தது. ஒரே புள்ளியில் குத்தினாலோ, ஓய்விலும் தொடர்ந்தாலோ எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.