அலாய் வீலில் கீறலா? நீங்களே சரிசெய்யும் முறை

நடைபாதை ஓரக்கல்லில் வீல் உரசிவிட்டால் பலரும் உடனே தேடுவது உப்புத்தாளைத்தான். கொஞ்சம் பொறுங்கள். கீறல் எவ்வளவு ஆழம் என்று முதலில் பார்த்துவிட்டால், பல வீல்களுக்கு உப்புத்தாளே தேவைப்படாது.

பெயின்ட் அடித்த அலாய் வீலில் அலுமினியத்துக்கு மேல் அடிப்பூச்சான பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் இருக்கும். கீறல் இதில் எந்த அடுக்கோடு நின்றிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை.

முதலில் கழுவுங்கள்

வண்டி ஓடி முடித்த சூட்டோடு தொடாதீர்கள், வீல் நன்றாக ஆறட்டும். பிரேக் தூசியில் நுண்ணிய இரும்புத் துகள்கள் இருக்கும். அதைப் போக்காமல் தேய்த்தால் பழைய கீறலோடு புதுக் கீறல்களும் சேரும். கார் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். வீலுக்குப் பயன்படுத்திய துணியை வண்டியின் உடம்பில் போடவே கூடாது.

ஆழத்தைப் பாருங்கள்

கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கிப் போனால் மேலோட்டமான கீறல். இன்னொரு சோதனை: கீறல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரம் இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. நகம் மாட்டினாலோ வெள்ளியாக உலோகம் தெரிந்தாலோ ஆழமான கீறல்.

வெடிப்பு, வளைவு, துண்டு உடைந்த இடம் ஏதாவது கண்ணில் பட்டால் இந்த வேலையை இங்கேயே நிறுத்திவிட்டு, வீலை நிபுணரிடம் காட்டுங்கள். அதைப் பட்டி பார்த்து மறைப்பது உயிரோடு விளையாடுவது. வீல் முகத்தில் சிடி தட்டில் இருப்பது போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால் அது டைமண்ட் கட் வீல். அதையும் கையால் தேய்க்காதீர்கள். அந்தக் கோடுகள் லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் வந்தவை, கையால் தேய்த்த இடம் திட்டாக நிற்கும்.

மேலோட்டமான கீறலுக்கு

டயர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு ரப்பிங் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்துப் போக்கும் பசை) எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும், அதிகம் அழுத்தாமல் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் இன்னொரு முறை. கிளியர் கோட் மிக மெல்லியது, முழுதும் போகவேண்டும் என்று அடம்பிடித்துத் தேய்த்தால் நிறமே பெயர்ந்து வந்துவிடும். மங்கலாக ஒரு கோடு மிச்சமிருந்தால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. கடைசியில் வாக்ஸ் பூசுங்கள்.

ஆழமான கீறலுக்கு

வீலைக் கழற்றிச் செய்வது நல்லது. சமதரையில் நிறுத்தி, மற்ற வீல்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்.

320 அல்லது 400 எண் உப்புத்தாளால் தூக்கி நிற்கும் உலோகப் பிசிறை எடுங்கள். கீறலைச் சுற்றியுள்ள பெயின்ட் ஓரத்தையும் சரிவாகத் தேய்க்கவேண்டும். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. இதில் அவசரப்பட்டால் மேலே என்ன அடித்தாலும் அந்த விளிம்பு தெரியும். பள்ளம் இருந்தால் அலுமினியத்துக்கான பட்டி வைத்து, காய்ந்ததும் 600, அப்புறம் 800 எண் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெறும் விரல் படக்கூடாது.

டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சீட்டுக்கட்டு அட்டைகளைச் சுற்றிலும் செருகுங்கள், டயரில் பெயின்ட் படாது. நட்டு உட்காரும் குழிகளையும் வண்டியோடு ஒட்டும் பின்பக்கத்தையும் கட்டாயம் மூடுங்கள். அங்கே பெயின்ட் படிந்தால் நட்டு இறுக்கம் தளரக்கூடும்.

பிரைமர், நிறம், கிளியர் கோட் என்ற வரிசையில் ஸ்பிரே அடியுங்கள். ஒவ்வொன்றும் மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளாக, டப்பாவில் சொன்ன இடைவெளியில். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வழியும்.

ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். முதல் ஒரு வாரம் வீலுக்கு எந்தக் கிளீனரும் வேண்டாம்.