சுவிட்ச் திணறினால் முதலில் விளக்குகளைப் பாருங்கள்

கல்லூரி விடுதியின் நெட்வொர்க்கைப் பராமரிப்பவன் நான். கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் அடிக்கடி முடங்கினால் உடனே புதியது வாங்காதீர்கள். எல்லா போர்ட் (கேபிள் செருகும் துளை) விளக்குகளும் ஒன்றாக, விடாமல் துடிக்கின்றனவா? அநேகமாக லூப்தான், அதாவது தரவு சுற்றிச் சுற்றி வரும் வளையம்: யாரோ ஒரே கேபிளின் இரு முனைகளையும் சுவரிலுள்ள இரண்டு சாக்கெட்டுகளில் செருகியிருப்பார்கள். கேபிளில் போகும் தரவுத் துண்டான ஈதர்நெட் பிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பப்படும் பிராட்காஸ்ட் பிரேம்கள் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே அடைத்துவிடும். அணைத்துப் போட்டால் சற்று நேரம் சரியாகி, மீண்டும் முடங்கும்.

மாடிகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ, அந்த மாடியில் தேடுங்கள்.

பிறகு, லூப்பைக் கண்டறிந்து ஒரு பாதையை அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீயை இயக்குங்கள். அறைகளுக்கான போர்ட்டுகளில் ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியு கார்டும், பிராட்காஸ்ட் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கண்ட்ரோலும் வேண்டும். மலிவான அன்மேனேஜ்டு சுவிட்சுகளில் இந்த அமைப்புகளைச் செய்ய முடியாது. விடுதிக்கு அவற்றை வாங்கவே கூடாது என்பேன்.