தாயில்லாத ஒற்றைக் கோழிக்குஞ்சு: வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது, மிஞ்சியது ஒரே குஞ்சு. அல்லது மற்ற குஞ்சுகளோடு கோழி இறங்கிப் போன பிறகு, அடையில் கிடந்த கடைசி முட்டை தாமதமாகப் பொரிந்தது. அல்லது தெருவில் பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி விற்ற குஞ்சை, பிள்ளை அழுது அடம்பிடித்து வாங்கிவந்துவிட்டது. எப்படி வந்திருந்தாலும் வீட்டில் அடுத்து நடப்பது ஒன்றுதான். அட்டைப் பெட்டியில் விட்டு ஒரு கைப்பிடி நொய் தூவுகிறார்கள். குஞ்சு கொத்தாமல் கத்துகிறது. பசி போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தூவுகிறார்கள்.

பெரும்பாலும் அது பசியில் கத்துவதில்லை, குளிரில் கத்துகிறது. முட்டையை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன்பு மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கையிருப்பில் இரண்டு நாள் வரை தீனி இல்லாமல் தாக்குப்பிடிக்கும். பொரிப்பகங்கள் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறமை அதற்கு இன்னும் வரவில்லை. தாய்க்கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அந்த இறகுக்குள்தான் குஞ்சு சூடேற வேண்டும். பத்துக் குஞ்சுகள் இருந்தால் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்தாவது கொஞ்சம் சமாளிக்கும். ஒற்றைக் குஞ்சுக்கு அதுவும் இல்லை.

"நம் ஊர் வெயிலுக்கு பல்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் பின்னிரவையும் மின்விசிறியையும் மழை நாளையும் மறந்துவிடுகிறார்கள். முதல் வாரம் குஞ்சு படுக்கும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். ஐந்து, ஆறு வாரங்களில் இறகு நிறைந்துவிட்டால் பல்பு தேவைப்படாது.

பல்பு வைக்கிறவர்களும் இன்று ஒரு புதுத் தவறு செய்கிறார்கள்: எல்இடி பல்பை மாட்டிவிடுகிறார்கள். பெட்டி பளிச்சென்று இருக்கும், சூடு இருக்காது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். ஒரு குஞ்சுக்கு 40 அல்லது 60 வாட் போதும். அதையும் பெட்டியின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு ஓரத்தில் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குஞ்சு விலகிப் போக இடம் இருக்க வேண்டுமல்லவா? பல்புக்கு நேர் கீழே ஒடுங்கிக் கத்தினால் குளிர்கிறது. எதிர் மூலையில் இறக்கையைத் தொங்கவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை. காலை நீட்டிப்போட்டுத் தூங்கினால் சரியாக இருக்கிறது. அட்டையையோ துணியையோ பல்பு தொடக்கூடாது, தீப்பிடித்துவிடும். மின்சாரம் போகும் ஊராக இருந்தால், வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். குளிருமே என்று படுக்கையில் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது மட்டும் வேண்டாம். தூக்கத்தில் புரண்டால் குஞ்சு நசுங்கிவிடும்.

சூடு சரியாக இருந்தும் ஓயாமல் கத்தினால் அது துணை தேடுகிறது. என்னைக் கேட்டால், ஒற்றையாக வளர்க்க முனைவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதே வயதில் இன்னொரு குஞ்சு வாங்குவதுதான் இருப்பதிலேயே மலிவான வைத்தியம். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இப்போதுதான் குஞ்சு பொரித்த நாட்டுக்கோழி இருந்தால் இன்னும் நல்லது. பொரித்து இரண்டு, மூன்று நாளுக்குள், நன்றாக இருட்டிய பிறகு, சத்தமில்லாமல் அதன் இறக்கைக்கடியில் நுழைத்துவிட வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து பார்ப்பது அவசியம். கோழி கொத்தி விரட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். நாள் கடந்துவிட்டால் கோழியும் ஏற்காது, குஞ்சும் ஒட்டாது. அதற்குள் அது உங்களையே தாயாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் வழியில்லை என்றால் பெட்டிக்குள் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். பழைய கம்பளித் துணியைக் கீற்றுகளாக வெட்டித் தொங்கவிட்டால் அதற்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கையில் வைத்துக் கொஞ்சுவது அன்பாகத் தெரியலாம். ஆனால் மனிதரையே தன் இனமாகப் பழகிய குஞ்சு பிற்பாடு மற்றக் கோழிகளோடு சேரத் திணறும். அது சேவலாக வளர்ந்தால், மனிதரிடம் பயமே இல்லாததால், வீட்டுப் பிள்ளைகளின் காலைத்தான் முதலில் கொத்தும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்கக்கூடாது. விழுந்து மூழ்கும், மூழ்காவிட்டாலும் நனைந்து விறைக்கும். ஆழமில்லாத மூடியில் கூழாங்கல் போட்டு வைத்து, அலகின் நுனியை ஒருமுறை தொட்டுக் காட்டினால் போதும். சொட்டு மருந்துக் குழாயால் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பால் வேண்டவே வேண்டாம். பறவைகளுக்கு அது செரிக்காது.

தீனியில் நொய்யே கதி என்று இருப்பதுதான் பரவலான தவறு. குஞ்சுக்கு 20 சதவீதம் அளவில் புரதம் வேண்டும். அரிசியில் அதில் பாதிகூடக் கிடையாது. தீவனக் கடையில் 'குஞ்சுத் தீவனம்' என்றே கேட்டு வாங்க வேண்டும். கையில் இருக்கிறதே என்று முட்டைக்கோழித் தீவனத்தைப் போட்டால், முட்டை ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தீவனம் கிடைக்கும்வரை ஓரிரு நாள் வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போடலாம். பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் மண்ணில் கவிழ்த்து வைத்து, காலையில் கரையான் எடுத்துப் போடுவது நம் கிராமங்களில் தெரிந்த வழிதான். தானியம் கொடுத்தால் கூடவே கொஞ்சம் பருமணலும் வையுங்கள். தாய்க்கோழி தரையைக் கொத்திக் காட்டித்தான் குஞ்சைத் தின்ன வைக்கும். அந்த வேலையை உங்கள் விரல் நகம் செய்யலாம்: தீவனத்தின் மேல் டொக் டொக்கென்று தட்டுங்கள், ஓடிவந்து கொத்தும்.

பெட்டியில் செய்தித்தாள் விரிப்பது கேடு. வழுக்கி வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். சாக்கு விரியுங்கள், சில நாள் கழித்து உமி பரப்பலாம். பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். அதற்காக முழுசாகக் குளிப்பாட்டிவிடாதீர்கள். குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சால்மோனெல்லா கிருமி நலமாகத் தெரியும் குஞ்சிலும் இருக்கும்.

ஒரே குஞ்சுதானே என்று தடுப்பு மருந்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய் அடுத்த வீட்டுக் கோழியிடமிருந்தும் வரும், உங்கள் செருப்பில் ஒட்டியும் வரும். முதல் வாரக் கடைசியில் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் தடுப்பூசி என்பது வழக்கமான முறை. மருந்துக் குப்பி பல கோழிகளுக்கான அளவில்தான் வரும். கலக்கிய பிறகு நெடுநேரம் தாங்காது. எனவே தனியாக வாங்குவதைவிட, கால்நடை மருந்தகத்தில் போடும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று தூக்கிப் போவது நல்லது.

இறகு முளைத்ததும் முற்றத்தில் தனியாக விட்டால் காகமோ பூனையோ பார்த்துக்கொண்டிருக்காது. பஞ்சாரம் என்னும் கோழிக்கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். மற்றக் கோழிகளோடு சேர்ப்பதாக இருந்தால், அவை மேயும் இடத்திலேயே பகலில் பஞ்சாரத்துக்குள் ஒரு வாரம் இருக்கட்டும். பிறகு, அவை அடையும் நேரம் பார்த்து, அந்தியில் கூட்டுக்குள் விடலாம்.