சென்னை–சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்? கணக்கில் வரும் தவறுகள்

சென்னையில் இரவு 11.30-க்குக் கிளம்பி, சிங்கப்பூரில் காலை 6.15-க்கு இறங்கும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். முதல் முறையாகப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மா, "அவ்வளவு நேரம் எப்படிப்பா உட்கார்ந்திருக்கிறது?" என்று பயந்துபோவார். உண்மையில் அது நாலே கால் மணி நேரப் பயணம்தான்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னை மணி. சேரும் நேரம் சிங்கப்பூர் மணி. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழிக்க வேண்டும், திரும்பும்போது கூட்ட வேண்டும். அங்கே இரவு 8-க்கு ஏறி இங்கே 9.45-க்கு இறங்கினால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். அதை நம்பி, சாப்பாட்டையும் சர்க்கரை மாத்திரையையும் தள்ளிப்போடாதீர்கள். திரும்பும்போதும் அதே நாலே கால் மணி நேரம்தான்.

பெரியவர்கள் சிலர் "இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம்?" என்பார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி. உலக நேரக் கணக்குக்கு அடிப்படையான கிரீனிச் நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 1981 முடியும்வரை சிங்கப்பூர் அதைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1982 பிறந்ததும் எட்டு மணியாக மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்தது தொலைவு. ஓரிடத்தில் 2,900 என்றும், இன்னோரிடத்தில் 1,810 என்றும், வேறோரிடத்தில் 1,570 என்றும் போட்டிருப்பார்கள். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். எண்ணைப் பார்க்கும்போதே அலகையும் பாருங்கள்.

சரி, 2,900 கிலோமீட்டரை 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் சுமார் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம்தானே வருகிறது? அந்த வேகம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முறைக்குக் காத்திருக்க வேண்டும். விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல், அங்கே போய் நிற்பது வரைக்கும்தான் டிக்கெட் கணக்கு.

தொலைவு கூடினால் நேரமும் கூடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. சுமார் 1,400 கிலோமீட்டர் கூடுதல் தூரம். ஆனாலும் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது! உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளிவிட்டதுதான் காரணம். எதிர்காற்றில் போனால் இதுவே தலைகீழாகும்.

எல்லாவற்றையும்விட அதிகம் செலவு வைப்பது நள்ளிரவுத் தேதிதான். எங்கள் உறவினர் ஒருவர் "15-ஆம் தேதி 00.15" என்ற டிக்கெட்டுக்கு 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றார். 00.15 என்றால் நள்ளிரவு 12 மணி தாண்டிப் பதினைந்து நிமிடம்; விமானம் முந்தின இரவே போய்விட்டது. அப்புறம் புது டிக்கெட்தான். 00.15 என்றிருந்தால் 14-ஆம் தேதி இரவு 9 மணிக்கே விமான நிலையத்தில் இருங்கள். அங்கே அழைக்க வருபவருக்குச் சொல்ல வேண்டியது மட்டும் 15-ஆம் தேதி காலை, சிங்கப்பூர் மணிப்படி.